தெரேசா வசனங்களுக்குப் பெரட்டுக் கூப்பிட்ட கதை

தெரேசாவைப் பற்றிச் சொல்லும்போது அழுதுகொண்டு தொடங்கக் கூடாது. அவள் அதற்கு விடமாட்டாள். போன மார்கழியில் அவளை மாதா கோயில் மயானத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லாரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது யாரோ மெல்ல, "வாட்டாம அரைச்சவதானே!" என்றார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்கள். வெளியாட்களுக்கு அந்தச் சிரிப்பு விளங்காது. விளங்க வேண்டுமானால், முப்பத்துநான்கு வயதில் அவள் எழுதிய பரீட்சைக்குப் போக வேண்டும்.

பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்தைத் தாண்டியும் ஏற வேண்டிய ஒரு தோட்டம். அங்கே பிள்ளைக் காம்பராவில் தெரேசாவுக்கு வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விடிந்ததும் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுப்போகிற இடம் அது. சமையலுக்கு மீனம்மா இருந்தாள். பிள்ளைகளுக்குத் தெரேசா பொறுப்பு.

பிள்ளையைக் கொடுக்கும்போது ஒவ்வொரு தாயும் ஒரு சேதி சொல்லிவிட்டுப் போவாள். "ராத்திரி நல்லாத் தூங்குச்சு." "காலையில பாலு குடிச்சிருச்சு." "ஒடம்புக்கு ஒன்னுமில்ல." காய்ச்சல் என்று உண்மையைச் சொன்னால் பிள்ளையோடு வீட்டிலேயே நிற்க வேண்டும். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. அதனால் மறைப்பார்கள். தெரேசா கையை நீட்டிப் பிள்ளையை வாங்குவதற்கு முன்னால் தாயின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

"பால் குடிச்ச புள்ளைக்கு நாக்கு ஏண்டி இப்புடிக் காஞ்சிருக்கு?"

"இல்ல தெரேசாக்கா, அது வந்து..."

"அது வந்து இல்ல. கழுத்துல கைய வச்சுப் பாரு. அடுப்புக் கல்லு மாதிரி சுடுது. நட, டிஸ்பென்சரிக்கு!"

அவளை ஏமாற்றிவிட்டு ஒரு பிள்ளையைக்கூட உள்ளே விட முடியாது என்று அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். திட்டிக்கொண்டே நன்றியும் சொல்வார்கள்.

ஆனால் தெரேசாவின் ஆசை அந்தக் காம்பராவுக்கு வெளியே இருந்தது. அவள் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியவள். தான் தொட்டிலில் ஆட்டிய பிள்ளைகள் ஐந்து வயதாகித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆசிரியர் இல்லாத வகுப்பில் கூச்சல் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவதைப் பார்த்துப் பார்த்து, அந்த வகுப்பில் போய் நிற்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு வெறி. தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு உதவி ஆசிரியர் எடுக்கும் போட்டிப் பரீட்சையை இரண்டு தடவை எழுதினாள். பொது அறிவில் நல்ல புள்ளி, கணக்கில் நல்ல புள்ளி. மொழிப் பகுதியில், இலக்கணப் பிழையுள்ள வசனத்தைக் கண்டுபிடிக்கிற கேள்விகளில் மட்டும் இரண்டு தடவையும் கவிழ்ந்தாள். மூன்றாவது தடவைக்கு அறிவித்தல் வந்தபோது அவளுக்கு வயது எல்லைக்குள் ஒரே ஒரு வாய்ப்புத்தான் மிச்சம். இதை விட்டால் அப்புறம் எழுதவே முடியாது.

பஜார்ப் பள்ளிக்கூடத்தில் கௌசி என்ற ஆசிரியை இருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, தெரேசாவின் வயதுதான். மாற்றலாகி வந்த புதிதில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றவளுக்குத் தெரேசாதான் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தாள். அந்தச் சட்டையில் பிடித்த சிநேகம். ஒரு சனிக்கிழமை, கடைக்கு மேல்மாடியில் கௌசி தங்கியிருந்த அறையில் தெரேசா மாதிரி வினாத்தாள் ஒன்றைச் செய்து கொடுத்தாள். கௌசி திருத்தத் தொடங்கினாள். முதலில் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

"தெரேசா, இஞ்ச வாருங்கோ. இதை ஏன் பிழையெண்டு போட்டனீங்கள்?"

‘பெண்கள் கூடைகளைத் தலையில் சுமந்து சென்றனர்’ என்பது வசனம்.

"பிழைதானுங்க டீச்சர். கூடை முதுகுலதான் கெடக்கும். கயிறுதான் தலையில."

"கூடையை விடுங்கோ அப்பா. வசனத்தில என்ன பிழை?"

"அதாங்க பிழை. தலையில வச்சுக்கிட்டா பறிச்ச கொழுந்த எப்புடிப் பின்னால போடுறது?"

கௌசி அடுத்ததைக் காட்டினாள். ‘நுவரெலியாவுக்குச் சித்திரை மாதத்தில் எவரும் வருவதில்லை.’

"ஐயையோ டீச்சர், சித்திரையிலதான் அங்க கால் வைக்க எடமிருக்காது! கொழும்பே வந்து குந்திக்கிட்டிருக்கும்."

"சரி. அப்ப ‘குதிரைகள் வேகமாக ஓடியது’ எண்டதை ஏன் சரியெண்டு விட்டனீங்கள்?"

"ஓடும்தானுங்களே? ரேஸ் கோர்ஸ்ல ஓடுறத நானே பாத்திருக்கேன்."

கௌசி கட்டிலில் சரிந்து விழுந்து சிரித்தாள். கண்ணீர் வரும்வரை சிரித்தாள். "ஐயோ கடவுளே! ரெண்டு சோதினையிலயும் நீங்கள் இலக்கணப் பிழையே பாக்கேல்லை, தெரேசா. இருந்து பொய் பிடிச்சிருக்கிறியள்!"

"பொய்ய எப்புடிங்க டீச்சர் சும்மா விடுறது?"

"விடோணும். வசனம் ஒழுங்கா நிண்டா, அது என்ன பொய்யைச் சொன்னாலும் பேசாமல் விடோணும். விளங்குதே?"

விளங்கியது. விளங்கியதுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று. அன்றைக்கு மலை ஏறும்போது தெரேசா தனக்குள் பேசிக்கொண்டே வந்தாள். பிள்ளைக் காம்பராவில் ஒரு பொய்யை விட்டால் ஒரு பிள்ளை சாகும். அங்கே காலையிலிருந்து மாலைவரை கூர்தீட்டிய கண்ணை, பரீட்சை மண்டபத்துக்குள் போகும்போது கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போ என்றால் எப்படிப் போவது?

அடுத்து வந்த வாரங்களில் முயன்றுபார்த்தாள். முடியவில்லை. வசனத்தைக் கண்டதும் அதில் சொன்ன விஷயம்தான் முன்னால் வந்து நின்றது. ‘மீன்கள் மரத்தில் வாழ்கின்றன’ என்று வந்தால் பென்சில் தானாகவே போய் அதில் குத்தியது. "எனக்கு மண்டையில ஏறாது அக்கா" என்று மீனம்மாவிடம் சொன்னாள். "ஏறாட்டி என்னா, இங்கேயே கெட. ஒன்னைய விட்டா இந்தக் குட்டிப் பிசாசுகள யாரு மேய்க்கிறது?" என்றாள் மீனம்மா. ஆறுதலாகத்தான் சொன்னாள். தெரேசாவுக்கு அது ஆறுதலாக இல்லை.

பிறகுதான் அந்தக் காலை வந்தது.

ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருந்த விஷயத்தை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் சொல்வதற்காகத் தெரேசா பெரட்டுக் களத்துக்குப் போயிருந்தாள். வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் விடியற்காலையில் வரிசையாக நிற்க, கண்டாக்கு பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. கண்டாக்கு சின்னராசா குளிருக்குக் காதை மூடிய தொப்பியோடு நின்று, தலையை நிமிர்த்தாமல் பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"லக்சனா!"

"இருக்கேன்" என்று ஒரு கட்டைக் குரல் கேட்டது.

சின்னராசா அப்போதும் நிமிரவில்லை. "லக்சனாவுக்கு எப்ப கொரல் ஒடைஞ்சிச்சு?"

களமே சிரித்தது. லக்சனாவின் புருஷன் ஆண்கள் வரிசையிலிருந்து முன்னால் வந்து தலையைச் சொறிந்தான். "வந்துக்கிட்டே இருக்காங்க ஐயா. அடுப்புல கெழங்கு வச்சிட்டு..."

"கெழங்கு வச்சாளா, கல்யாணத்துக்குப் போனாளா, அந்தக் கதையெல்லாம் எனக்கு வேணாம். கூப்புட்ட பேருக்கும் வந்த கொரலுக்கும் பொருந்தணும். பொருந்தலன்னா பேர் இல்ல. அடுத்தது!"

தெரேசா நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மை போட்ட பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடித்தபோது அவள் குரல் நடுங்கியதை, பிள்ளைக்கு ரொம்ப மோசம் போலிருக்கிறது என்று சின்னராசா எடுத்துக்கொண்டார். பகலில் மீனம்மாவிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, குறுக்குப் பாதையில், புல்லிலும் சேற்றிலும் சறுக்கிச் சறுக்கிப் பஜாருக்கு ஓடினாள். கௌசி வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே சேறு பூசிய ஒரு முகம் தோன்றியது.

"டீச்சர்! பெரட்டு!"

பிள்ளைகள் கெக்கலித்தார்கள். கௌசி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "என்ன தெரேசா? ஆருக்கு என்ன நடந்தது?"

"யாருக்கும் ஒன்னும் நடக்கலிங்க. வசனத்துக்குப் பெரட்டுக் கூப்புடணும் டீச்சர்! கடைசியில நிக்கிற வார்த்தைதான் கண்டாக்கு. ‘ஓடியது.’ அவரு ஒத்தை ஆளத்தான் கூப்புடுறாரு. ‘குதிரைகள்’ கூட்டமா வந்து இருக்கோம்னு கத்துது. பொருந்தல. பேர் இல்ல!"

கௌசியின் வாய் திறந்தபடியே நின்றது. "அப்ப நடுவில நிக்கிற மிச்சச் சொல்லெல்லாம்?"

"அது வேடிக்கை பாக்க வந்த கூட்டங்க. நல்லவனா, பொய்க்காரனா, எனக்கு என்னாத்துக்கு? பேரும் கொரலும் பொருந்துதா, அவ்வளவுதான்."

"எல்லாப் பிழைக்கும் இது மட்டும் காணாது" என்று கௌசி ஆசிரியையாகத் தொடங்கினாள். ஆனால் முடிக்கவில்லை. ஜன்னல் கம்பிக்குள்ளால் கையை நீட்டித் தெரேசாவின் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "கண்டு பிடிச்சிட்டியள் அப்பா! இனிப் பழக வேண்டியதுதான்."

பழக்கம் லயத்தில் நடந்தது. புருஷன் றிச்சர்ட் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற ரோலரில் நிற்பவன். வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியைக் கையில் வாங்கியதும் பொய் சொல்லத் தொடங்க வேண்டும் என்பது தெரேசாவின் கட்டளை. எவ்வளவு பெரிய பொய்யோ அவ்வளவு நல்லது. புத்தகத் தமிழில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டு, வசனம் சரியாக நின்றால் அவள் ‘சரி’ என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"எங்கள் துரை தினமும் கூடை மாட்டிக் கொழுந்து பறிக்கிறார்."

தெரேசா பல்லைக் கடித்தாள். "பறிக்கிறார்... துரை... ஒரு பேரு, ஒரு கொரலு. சரி!"

"யானைகள் பொகவந்தலாவைக்கு மேலே கூட்டமாகப் பறக்கிறது."

"ஆ! பறக்கின்றன! பேர் இல்ல!"

"றிச்சர்டின் மனைவி ஒருநாளும் வாய் காட்டமாட்டாள்."

"சரி!" என்றாள் தெரேசா, முறைத்துக்கொண்டே. பக்கத்து வீட்டுக் காம்பராச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வெடித்துச் சிரித்தார்கள்.

"என் அம்மா ராசம்மா யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார்."

தெரேசா திணறினாள். பேர் பொருந்துகிறது, குரல் பொருந்துகிறது. ஆனாலும் வாய் வரவில்லை. அடுப்படியிலிருந்து மாமியார் ராசம்மாவின் குரல் வந்தது. "அதுல என்னாத்துக்குடி இம்புட்டு நேரம் யோசிக்கிற?"

அன்றிலிருந்து லயமே சேர்ந்துகொண்டது. தண்ணிக் குழாயடியில், கோயில் வாசலில், எங்கே தெரேசாவைக் கண்டாலும் யாராவது ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்கள். "நேற்று எங்கள் ஆடுகள் ஹட்டனுக்குப் போய்ப் படம் பார்த்தன." "சரி!" "ஞாயிறு பூசைக்கு ஆண்கள் எல்லோரும் வந்தது." "பேர் இல்ல!" அந்த மாதத்தில் அந்த லயத்தில் சொல்லப்பட்ட பொய்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டுமானால் ஒரு சாமியார் போதாது. தெரேசா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் துள்ளிக்கொண்டு போனாள். காலையில் தாய்மாரிடம் மட்டும் பழைய கண்தான். அங்கே ஒரு பொய்க்கும் ‘சரி’ கிடைக்கவில்லை.

றிச்சர்ட் எல்லாவற்றிலும் பொய் சொன்னான், ஒன்றைத் தவிர. "தேயிலையப் பத்தி மட்டும் கேக்காத. பொய் சொன்னா வாய் கூசுது. அது சோறு போடுற சாமி" என்று சொல்லிவிட்டான். தெரேசாவும் வற்புறுத்தவில்லை.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில். காலையில் பஸ்ஸில் நிற்க இடமில்லை. நோர்வூட் தாண்டும்வரை பனி ஜன்னலை மூடியிருந்தது. பஜாரில் ஓட்டோ ஓட்டும் அழகனும் அதே பரீட்சைக்கு வந்தான். தெரேசாவைவிட எத்தனையோ வயது இளையவன், பேச்சுக்குக் குறைவில்லை.

"அக்கா, இன்னிக்குப் பெரட்டுல எத்தன பேர வெரட்டப் போறீங்க?"

"மொதல்ல ஒன்னைய வெரட்டுறேன். நெருக்காம நில்லு!"

மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வந்தபோது விரல் குளிர்ந்திருந்தது. மொழிப் பகுதியைத் திருப்பினாள். முதல் கேள்வி. கடைசி வார்த்தையைப் பிடித்தாள், கூப்பிட்டாள், யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்த்தாள். பொருந்தவில்லை. வெட்டினாள். அடுத்தது. அதற்கடுத்தது. உள்ளே ஒரு சின்னராசா தொப்பி போட்டுக்கொண்டு நின்று பேர் கூப்பிட, வசனங்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் இதற்காகவா பயந்தோம் என்று இருந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. நான்கு வசனங்களில் இலக்கணப் பிழையுள்ளது எது? முதலாவதும் நான்காவதும் ஒரு தொல்லையும் இல்லாதவை. மூன்றாவது, ‘மலையடிவாரத்திலிருந்த நீரூற்றுகள் யாவும் கடும் கோடையினால் வற்றிவிட்டது.’ ஆனால் மூன்றாவதற்கு அவள் கண் போகவே இல்லை. இரண்டாவதில் போய்ச் சிக்கிக்கொண்டது.

‘பறிக்கப்பட்ட கொழுந்து முதலில் அரைக்கப்பட்டுப் பின்னர் வாட்டப்படுகிறது.’

தெரேசாவுக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. அரைத்துவிட்டு வாட்டுவதா? கொழுந்தை மேல்மாடியில் பரப்பிக் காற்றில் துவள வாட்டிய பிறகுதான் ரோலரில் போட வேண்டும். வாட்டாமல் போட்டால் நொறுங்கிச் சாறாகப் போகும். தேயிலைத் தோட்டத்தில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும் அது. இதை எழுதியவர் ஒரு தொழிற்சாலைக்குள்ளும் கால் வைத்திருக்கமாட்டார். பென்சில் தானாக நகர்ந்து இரண்டாவதின் மேல் போய் நின்றது.

மண்டபத்தில் அங்கும் இங்கும் மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ ‘ச்சைக்’ என்று நாக்கைத் தட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் அழகனின் தோள் குலுங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கேள்விக்கு வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே ஆனந்தம். மேற்பார்வையாளர் மேசையைத் தட்டினார்.

தெரேசா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். ‘வாட்டப்படுகிறது.’ யாரு? ‘கொழுந்து.’ ஒரு பேரு, ஒரு கொரலு. இருக்கேன் என்றது கொழுந்து. பொய்தான், பச்சைப் பொய். ஆனால் பெரட்டில் அதைக் கேட்க முடியாது. ‘வற்றிவிட்டது.’ யாரு? ‘நீரூற்றுகள் யாவும்’ என்று ஒரு பெருங்கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு வந்தது. கண்டாக்கு கூப்பிட்டதோ ஒருவரை.

மூன்றாவதை வெட்டினாள். உடனே றிச்சர்டுக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல இருந்தது.

வெளியே தேத்தண்ணிக் கடையில் ஒரே கும்மாளம். பொகவந்தலாவைக்காரர், மஸ்கெலியாக்காரர், தலவாக்கலைக்காரர் எல்லாரும் ஒரே வசனத்தைப் பற்றித்தான் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அரைச்சிட்டு வாட்டுறாங்களாம்! எந்த ஊருல?"

"வாட்டாம அரைச்சா ரோலர்ல பச்சத் தண்ணிதான் ஓடும்!"

"எனக்குச் சுளையாக் கெடைச்ச மார்க்கு அது ஒன்னுதான்" என்றான் அழகன். "கண்ண மூடிக்கிட்டு ரெண்டாவதுல போட்டேன். நீங்களும் அதானே அக்கா? அண்ணன் ரோலர்ல நிக்கிறவராச்சே!"

தெரேசா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தாள். "நா மூணாவதுல போட்டேன்."

கடையே அவளைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் எழுந்த சிரிப்பில் கண்ணாடிப் போத்தல்கள் குலுங்கின. பஸ் ஊர் வந்து சேர்வதற்கு முன்னாலேயே சேதி தோட்டத்துக்குப் போய்விட்டது. வீட்டு வாசலில் றிச்சர்ட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"அரைச்சிட்டு வாட்டுறது சரின்னு விட்டுட்டு வந்தியாமே? ரோலர்க்காரன் பொண்டாட்டியா நீ?"

"பேரும் கொரலும் பொருந்துச்சுங்க."

"எல்லாருமா சேந்து பிழையாப் போட்டிருப்பாங்க?"

அந்தக் கேள்விதான் தெரேசாவையும் அரித்தது. ஒருவேளை அந்த வசனத்தை வேண்டுமென்றே பிழையாக எழுதியிருந்தால்? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்று கருணையோடு வைத்த கேள்வியாக இருந்தால்? விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போயிருந்த கௌசிக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போனைக் கையில் எடுப்பாள், வைத்துவிடுவாள். தெரியாமல் இருக்கிறவரைக்கும் அந்த வகுப்பு இன்னும் அவளுடையதுதான். தண்ணிக் குழாயடியில் ‘வாட்டாம அரைச்சவ வந்துட்டா, வழி விடுங்க’ என்றார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குடத்தை நிறைத்தாள்.

பரீட்சைப் பெறுபேறு வந்த நாள் பிள்ளைக் காம்பராவில் பகல் சோறு முடிந்து, தொட்டில்கள் எல்லாம் ஆடி ஓய்ந்த நேரம். சேலைத் தொட்டில்களில் வரிசையாகத் தூங்கும் குழந்தைகள். கடைசியாக ஒன்று அடம்பிடித்துவிட்டு இப்போதுதான் கண்ணை மூடியிருந்தது. வெளியே ஒரு ஓட்டோ மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறி வந்தது. ஹார்ன் ஒரு தடவை அலறியது.

தெரேசா கதவுக்கு ஓடினாள். "டேய், ஹார்ன் அடிக்காத! இப்பதான் தூங்குதுங்க. முழிச்சிச்சுன்னா ஒன் மடியிலதான் போடுவேன்!"

அழகன் ஓட்டோவிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல வந்தான். கையில் போன். முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரேசாவால் படிக்க முடியவில்லை. எத்தனையோ முகங்களைப் படித்தவள்.

"வந்திருச்சுக்கா" என்று கிசுகிசுத்தான். "எனக்குத் தட்டிருச்சு, பெயில். அந்த மொழிப் பகுதிதான். எங்க பஜார்ல எழுதுன எல்லாருக்கும் அதுதான் காலை வாரிருச்சு."

"எனக்கு?" என்றாள் தெரேசா. சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். இலக்கத்தைப் பார்த்தாள். பேரைப் பார்த்தாள். மறுபடி இலக்கத்தைப் பார்த்தாள். தெரேசாவின் வாய் பெரிதாகத் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கத்தல் கிளம்பித் தொண்டைவரை வந்தது. தொட்டிலில் ஒன்று அசைந்து முனகியது. தெரேசா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். சத்தமில்லாமல் சுற்றிச் சுற்றிக் குதித்தாள். அழகனைப் பிடித்து உலுக்கினாள். கண்ணிலிருந்து கண்ணீர் கொட்டியது.

சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மீனம்மா வந்து பார்த்துவிட்டு, விஷயத்தை விளங்கிக்கொண்டு, அவள் முதுகில் கை வைத்துக் கதவுக்கு வெளியே தள்ளினாள். "ஓடு! வெளிய போயி கத்து! உள்ளுக்குள்ளேயே வச்சிருந்தா வெடிச்சிருவ. நா பாத்துக்கிறேன்."

தெரேசா ஓடினாள். காம்பராவுக்குப் பின்னாலுள்ள ஒற்றையடிப் பாதையில் ஏறினாள், தேயிலைச் செடிகள் இடுப்பில் கீற, செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் குட்டையாக்கிய மலையின் உச்சிக்கு வந்து நின்றாள். மூச்சை இழுத்து, மலை அதிரக் கத்தினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. எதிர்மலையில் பட்டு அது திரும்பி வந்தது.

எதிர்மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். அந்தப் பக்கம் கொஞ்ச நாளாகச் சிறுத்தை நடமாட்டம். யாரோ ஒருத்தி, "ஐயோ, புலி!" என்றாள். அவ்வளவுதான். கூடைகள் உருண்டன, பெண்கள் கூட்டமாகச் சரிந்து ரோட்டுக்கு ஓடினார்கள், கங்காணி விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே தடியைச் சுழற்றினார்.

"எங்கடி? எந்தப் பக்கம்? தெரேசா, மரத்துல ஏறு!"

"புலி இல்லீங்கோ!" என்று தெரேசா கைகளை வாயில் குவித்துக் கத்தினாள். "பாஸு! நா பாஸாகிட்டேன்!"

"என்னாது?"

"டீச்சர்! நா டீச்சர்!"

ஓடிய பெண்கள் நின்றார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அப்புறம் எதிர்மலை முழுக்கக் குலவைச் சத்தம் கிளம்பியது. "அடி கெட்டவளே, உசிரே போச்சு!" என்று ஒரு குரல். "அப்ப கொழுந்த அரைச்சிட்டுத்தான் வாட்டணுமாடி?" என்று இன்னொரு குரல். "இல்லடி, வாட்டிட்டுத்தான் அரைக்கணும்! பரீட்சையில மட்டும் எப்புடி வேணும்னாலும் அரைச்சுக்கலாம்!" என்று தெரேசா திருப்பிக் கத்தினாள். கங்காணி தலையில் கையை வைத்துக்கொண்டு, "பாதி நிரை போச்சே, தாயே! கீழ வந்து மெதுவாச் சொல்லக் கூடாதா?" என்றார். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

தெரேசா இன்னொரு தடவை கத்துவதற்கு மூச்சை இழுத்தாள். அப்போது கீழே காம்பராவிலிருந்து ஒரு குழந்தை வீரிட்டது. அதைக் கேட்டு அடுத்தது. அப்புறம் அதற்கடுத்தது. அழகன் ஒன்றைத் தோளிலும் ஒன்றைக் கையிலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, மேலே பார்த்து, உதவி கேட்டுக் கையாட்டினான்.

"இந்தா வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகியபடி, டீச்சர் மலையிலிருந்து இறங்கி ஓடினாள்.